வால் நட்சத்திரம்: ஆப் சொல்லும் பிரகாசமும் என் நோட்டும் ஏன் ஒத்துப்போகவில்லை?

முட்டத்துப்பாறை:

எல்லாருக்கும் வணக்கம். சூச்சின்ஷான்-அட்லஸ் வால் நட்சத்திரத்தை, அதுதான் சி/2023 ஏ3, மேகம் விட்ட நாளெல்லாம் முட்டம் லைட்ஹவுஸ் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து பார்த்தேன். கையில் இருப்பது பத்துக்கு ஐம்பது பைனாகுலரும் ஒரு நாற்பது பக்க நோட்டும்தான். 2024 அக்டோபர் தொடக்கத்தில் விடியற்காலை வட்டக்கோட்டைக்கு வண்டியை ஓட்டிப்போய்க் கிழக்கே பார்த்தேன், அதே ஆள் 14ஆம் தேதி சாயங்காலம் மேற்கே வெள்ளிக்கும் சுவாதிக்கும் நடுவில் நிற்கிறது. சூரியன் மாதிரியே இதுவும் நம் குமரி மாவட்டத்தில் ஒரு கடலில் உதித்து இன்னொரு கடலில் மறைகிறதே என்று சிரிப்பு வந்தது.

ஒவ்வொரு நாளும் பக்கத்து நட்சத்திரங்களை வரைந்து அதில் ஒரு புள்ளி வைப்பேன், ஓரத்தில் மேக்னிட்யூட்டை, அதாவது பிரகாச அளவை (எண் கூடினால் மங்கல்), குத்துமதிப்பாக எழுதுவேன். அங்கேதான் சிக்கல். மொபைலில் வானத்தைக் காட்டும் ஆப் சொன்னது முதலில், நான் கண்டது அடுத்தது:

அக். 14: 0.3, 1.8
அக். 20: 2.8, 3.3
அக். 24: 4.0, 4.2
நவ. 1: 5.5, 5.5

கடைசி நாள் தவிர எப்போதும் எனக்கு மங்கலாகத்தான் தெரிந்திருக்கிறது. என் கண் கோளாறா, ஆப் பொய் சொல்கிறதா? அப்புறம் இந்தப் புள்ளிகளை வைத்து அதன் சுற்றுப்பாதையை நானே கணக்குப் போட முடியுமா? முடியாது, இதெல்லாம் குப்பை என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடுங்கள்.

வடசேரி_பைனாகுலர்:

ஆப் பொய் சொல்லவில்லை, ஆனால் அது பார்த்தும் சொல்லவில்லை. அது ஒரு வாய்ப்பாடு. வால் நட்சத்திரம் நம்மிடமிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் 1.5 மேக்னிட்யூட் மங்கும், சூரியனிடமிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் பொதுவாக இன்னும் 3 மங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள், ஏனென்றால் சூடு குறையக் குறைய அதிலிருந்து கிளம்பும் வாயுவும் தூசியும் குறையும். இந்த 3 என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலது சூரியனை நெருங்கும்போது பொங்கும், சிலது சோம்பும். 1973இல் கொஹூட்டெக் வந்தபோது நூற்றாண்டின் வால் நட்சத்திரம் என்று பத்திரிகைகள் அடித்த தம்பட்டம் என்ன, கடைசியில் வந்தது என்ன!

இந்த ஏ3 இன்னொரு வேடிக்கையும் காட்டியது. செப்டம்பர் 27 அன்று சூரியனுக்கு மிக அருகில் போய்விட்டு, அக்டோபர் 9 வாக்கில் நமக்கும் சூரியனுக்கும் நடுவே கடந்தது. அதனால்தான் அண்ணே நீங்கள் கிழக்கே விட்டதை மேற்கே பிடித்தீர்கள். அப்படிக் கடக்கும்போது அதன் தூசி, வெயிலுக்கு எதிரே பிடித்த சிலந்தி வலை மாதிரி, பின்னாலிருந்து வரும் ஒளியில் மின்னும். எளிய வாய்ப்பாட்டில் இது சேராது. நல்லவேளை, அந்த நாளில் அது சூரியனை ஒட்டியே இருந்ததால் கண்ணால் பார்க்க வழியில்லை, சூரியனைக் கண்காணிக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராதான் பார்த்தது.

பழைய_கணக்கு_டீச்சர்:

மக்களே, எல்லாரும் அந்தப் பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். வித்தியாசம் 1.5, பிறகு 0.5, பிறகு 0.2, பிறகு பூஜ்யம். கண் கோளாறு இப்படி வரிசையாக இறங்குமா? ஆப் தப்பென்றாலும் இவ்வளவு ஒழுங்காகத் தப்பாது.

14ஆம் தேதி வால் நட்சத்திரம் கடலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் தாழ்வாகத்தான் இருந்திருக்கும். அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரத்தில் பார்க்கும்போது, தலைக்கு நேரே பார்ப்பதைவிட ஐந்தரை மடங்கு காற்றைத் துளைத்துப் பார்க்கிறீர்கள். அதுவும் முட்டத்தில், உப்பும் ஈரமும் கலந்த காற்று. ஒன்றரை மேக்னிட்யூட் அங்கேயே போய்விடும். நாள் போகப் போக அது இருட்டும் நேரத்தில் மேலே மேலே நின்றது, வித்தியாசமும் கரைந்தது. நீங்கள் வால் நட்சத்திரத்தோடு சேர்த்து நம் கடல் காற்றையும் அளந்திருக்கிறீர்கள்!

அடுத்த முறை ஒப்பிடும் நட்சத்திரத்தை அதே உயரத்தில் தேடுங்கள், காற்று இரண்டையும் ஒரே மாதிரி மங்கவைக்கும், கழிந்துவிடும். இது ஓபியூகஸ் நட்சத்திர மண்டலத்தில் இருந்தபோது யெட் பிரையர் 2.7, யெட் போஸ்டீரியர் 3.2 என்று பக்கத்திலேயே இரண்டு நட்சத்திரம் கிடைத்திருக்கும். வால் நட்சத்திரம் புகை மாதிரி பரவியது, நட்சத்திரம் புள்ளி, இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவோம். முதலில் வால் நட்சத்திரத்தின் தலையை ஃபோகஸில் பார்த்து மனதில் வைத்துக்கொண்டு, பிறகு பைனாகுலரின் ஃபோகஸைக் கலைத்து நட்சத்திரத்தை அதே அளவுக்கு ஊதவிட்டு ஒப்பிட வேண்டும். வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பிரகாசம் என்றால் எனக்கு இன்னும் சுலபம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் போதும், எல்லா நட்சத்திரமும் பஞ்சாகிவிடும். கிட்டப்பார்வைக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே லாபம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எழுதி முடிக்கும் வரை ஆப்பைத் திறக்கக் கூடாது. நவம்பர் 1இல் இரண்டும் 5.5 என்று அச்சாகப் பொருந்துவதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ரப்பர்காட்டு_ராத்திரி:

குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன், இங்கே மரம் மறைத்து அடிவானமே கிடையாது, உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

சுற்றுப்பாதைக் கேள்விக்கு வருகிறேன். ஆறு எண்கள் தெரிந்தால் போதும்: சூரியனை எவ்வளவு நெருங்குகிறது, எந்தத் தேதியில் நெருங்குகிறது, பாதை எவ்வளவு நீண்டது, மூன்று கோணங்கள். மூன்று நாள் நிலையை வைத்து இதைக் கண்டுபிடிக்கும் வழியை 1797இலேயே ஓல்பர்ஸ் என்ற ஜெர்மன் வானியலாளர் கொடுத்துவிட்டார். ஆனால் பென்சில் புள்ளியில் அரை டிகிரி பிழை சாதாரணம், அது 1800 வில்நொடி (ஒரு டிகிரியில் 3600 வில்நொடி). சிறுகோள், வால் நட்சத்திர நிலைகளைச் சேகரிக்கும் மைனர் பிளானட் சென்டருக்கு அளவு அனுப்புகிறவர்கள் ஒரு வில்நொடிக்கே சண்டை போடுவார்கள். அதனால் உங்கள் புள்ளியிலிருந்து வரும் பாதை விளையாட்டுக்குத்தான். ஆசை இருந்தால் மொபைலை முக்காலியில் வைத்துப் படமெடுங்கள், படத்தின் நட்சத்திரங்களை அடையாளம் கண்டு நிலையைச் சொல்ல இலவச மென்பொருள் இருக்கிறது. ஆப்பில் இடமே தப்பாகக் காட்டினால் அதன் வால் நட்சத்திரப் பட்டியலைப் புதுப்பித்துப் பாருங்கள், ஸ்டெல்லேரியம் என்ற வானம் காட்டும் மென்பொருளிலும் அப்படித்தான்.

பாதை விஷயத்தில் நம்மை யாரும் எதிர்பார்க்கவில்லை அண்ணே. 1758இல் பிரெஞ்சுக் கணிதர் கிளேரோவும் கூட இருந்தவர்களும் கையால் கணக்குப் போட்டு ஹாலி வால் நட்சத்திரம் அடுத்த ஏப்ரல் நடுவில் சூரியனை நெருங்கும் என்றார்கள், அது மார்ச் 13இல் நெருங்கியது. இன்றைக்கு அந்த ஒரு மாதப் பிழை கிடையாது. பிரகாசம்தான் யாருக்கும் பிடிபடாத சமாச்சாரம். இந்த அக்டோபரிலேயே சி/2024 எஸ்1 என்று இன்னொன்று வந்ததே, பாதை பிசகவில்லை, ஆனால் 28ஆம் தேதி சூரியன் பக்கத்தில் சிதறிப்போனது. போகும் இடம் துல்லியமாகத் தெரிந்தது, போய்ச் சேர ஆள்தான் இல்லை. ஏ3கூடச் சிதறிவிடும் என்று ஜூலையில் ஒரு பெரிய வானியலாளர் எழுதியிருந்தார், அது பிழைத்துக்கொண்டது. அதனால் பார்த்தவர் எழுதிய எண்ணுக்கு இன்னும் மதிப்பு உண்டு. ஸ்லோவேனியாவிலிருந்து நடக்கும் கோப்ஸ் என்ற வால் நட்சத்திரப் பதிவுத் தரவுத்தளத்தில் சேர்க்கலாம், பைனாகுலர்காரர்கள் நிறையப் பேர் எழுதுகிறார்கள். நேரத்தை, நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் குறைத்து உலக நேரமாக்கி, நாளின் பங்காகத் தசமத்தில் எழுத வேண்டும். அக்டோபர் 20 இரவு 7:12 என்றால் உலக நேரம் 13:42, அதாவது 20.57.

முட்டத்துப்பாறை:

டீச்சர், பிடித்துவிட்டீர்கள். நவம்பர் 1 அன்று ஆப்பைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். தீபாவளிக்கு மறுநாள், காற்றில் பட்டாசுப் புகை வேறு, தலை தெரிந்ததா இல்லையா என்றே தெரியாமல் 5.5 என்று போட்டேன். அதை அடித்துவிட்டேன். மற்ற மூன்று நாளும் முதலில் எழுதிவிட்டுத்தான் பார்த்தது, அது சத்தியம்.

14ஆம் தேதி உயரம் நோட்டில் இருக்கிறது, ஆனால் டிகிரியில் இல்லை. "கையை நீட்டி ஒரு முஷ்டி, அதற்குக் கீழே கடல்" என்று எழுதியிருக்கிறேன்.

பழைய_கணக்கு_டீச்சர்:

நீட்டிய கையில் ஒரு முஷ்டி கிட்டத்தட்ட பத்து டிகிரி, மக்களே.