கேடம்ப் பாதியில் அறுந்து போகிறது: வாட்ச்டாக் முந்திக்கொள்கிறது, ஒரு கோர் நிற்க மறுக்கிறது

அரைகுறை_டம்ப்:
ஏஆர்எம்64 போர்டு, எட்டு கோர், லினக்ஸ். கெர்னல் பேனிக் ஆனால் (மீள முடியாமல் நின்றுபோனால்) கேடம்ப் (ஒதுக்கி வைத்த இரண்டாவது கெர்னலைக் கிளப்பி மெமரியை நகலெடுக்கும் வசதி) வழியாக மெமரி டம்ப் எடுத்துவிட்டுத் தானாக ரீபூட் ஆக வேண்டும், கேட்பது அவ்வளவுதான். இரண்டாவது கெர்னல் ஒழுங்காக ஏறுகிறது, டிஸ்கில் எழுதவும் தொடங்குகிறது, நடுவில் ஒரு வார்த்தை சொல்லாமல் போர்டு ரீசெட் ஆகிவிடுகிறது. மறுபடி பூட் ஆனதும் பார்த்தால் முடியாத விஎம்கோர் கோப்பு (எடுத்த மெமரி நகல்) கிடக்கிறது. ஒரு தடவை பாதிக்கு மேல் எழுதியிருக்கும், இன்னொரு தடவை ஆரம்பித்ததுமே போயிருக்கும், எதிலும் ஒரு ஒழுங்கு தெரியவில்லை.

ஹார்டுவேர் வாட்ச்டாக்தான் (குறித்த நேரத்துக்குள் தட்டாவிட்டால் போர்டை ரீசெட் செய்யும் சில்லு) காரணம் என்று நினைக்கிறேன். அதைத் தட்டும் சிஸ்டம்டி-யில் (லினக்ஸின் சேவை நிர்வாகி) 30 வினாடி வைத்திருக்கிறோம். கெர்னலின் வாட்ச்டாக் த்ரெஷ் மதிப்பை 10இலிருந்து 60க்கு ஏற்றியும் துளி மாற்றமில்லை. இன்னொன்று, சில சமயம் கன்சோலில் மற்ற சிபியுக்களை நிறுத்த முடியவில்லை என்று 5ஆம் கோரைக் காட்டுகிறது. இரண்டும் ஒரே கோளாறா? பேனிக் நோட்டிஃபையர் (பேனிக் ஆகும்போது கூப்பிடப்படும் ஃபங்ஷன்) ஒன்று எழுதி வாட்ச்டாக்கை அணைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

ஓல்டு_கம்பைலர்:
இரண்டும் வேறு வேறு ப்ரோ. முதலில் வாட்ச்டாக்.

நீங்கள் ஏற்றியது லாக்கப் டிடெக்டரின் மதிப்பு. ஒரு கோர் சிக்கிக்கொண்டதா என்று கெர்னல் தன்னைத்தானே பார்த்துக்கொள்வது அது. 10 என்றால் ஹார்ட் லாக்கப்புக்கு 10 வினாடி, சாஃப்ட் லாக்கப்புக்கு அதன் இரட்டிப்பு 20. போர்டை ரீசெட் செய்கிற சில்லுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சில்லுக்குப் பேனிக் என்றால் என்னவென்று தெரியாது, கடைசியாக எப்போது தட்டினார்கள் என்பது மட்டும்தான் தெரியும். முதல் கெர்னல் போய் இரண்டாவது வந்தாலும் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஒழுங்கு தெரியவில்லை என்றீர்களே, அதற்கும் காரணம் இருக்கிறது. சிஸ்டம்டி கொடுத்த நேரத்தின் பாதிக்கு ஒரு முறை தட்டும், உங்கள் கணக்கில் 15 வினாடிக்கு ஒரு முறை. அதனால் பேனிக் ஆகும் கணத்தில் மீதி இருப்பது 15 வினாடியாகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். அதற்குள் மற்ற கோர்களை நிறுத்தி, இரண்டாவது கெர்னல் பூட் ஆகி, டிஸ்கை மவுண்ட் செய்து, எழுதி முடிக்க வேண்டும். எங்கே முடியும்? நேரத்தை 180 ஆக்குங்கள், டம்ப் எடுக்கும்போது காலிப் பக்கங்கள், கேஷ், யூசர் பக்கங்கள் எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்லுங்கள் (டம்ப்பை வடிகட்டும் மேக்டம்ப்ஃபைல் கருவியில் டி 31), அதிலேயே அளவு பெருமளவு குறையும்.

ரீபூட்_ராசா:
எதற்கு இவ்வளவு சுற்று? நோட்டிஃபையரில் ரெண்டு வரி எழுதி வாட்ச்டாக்கை நிறுத்துங்க, வேலை முடிஞ்சது.

ஐபிஐ_அனுப்புநர்:
@ரீபூட்_ராசா அந்த ரெண்டு வரி ஓடவே ஓடாது. கேடம்ப் கெர்னல் ஏற்றி வைத்திருந்தால், பேனிக் ஃபங்ஷன் நோட்டிஃபையர்களைக் கூப்பிடுவதற்கு முன்பே அதற்குத் தாவிவிடும், இயல்பான நடை அதுதான். கிராஷ் கெக்செக் போஸ்ட் நோட்டிஃபையர்ஸ் என்ற பூட் பாராமீட்டரைப் போட்டால்தான் வரிசை மாறும். மாற்றலாம், ஆனால் செத்துக்கொண்டிருக்கும் கெர்னலில் எவ்வளவுக்கு எவ்வளவு அதிகமாக நிரல் ஓட்டுகிறோமோ அவ்வளவுக்கு டம்ப் வராமல் போகிற வாய்ப்பும் கூடும். எந்த லாக்கை எந்தக் கோர் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ யாருக்குத் தெரியும்.

சரி, ஓடியது என்றே வைத்துக்கொள்வோம். வாட்ச்டாக்கை அணைத்தாயிற்று, இரண்டாவது கெர்னல் டிஸ்க் டிரைவரில் தொங்கிவிட்டது. இப்போது போர்டை எழுப்ப யார் இருக்கிறார்கள்? ஆள் போய் பவரைப் பிடுங்கிச் சொருகும் வரை அப்படியே கிடக்கும். வாட்ச்டாக்கை வாங்கியதே இந்த நேரத்துக்காகத்தானே.

என் கட்சி இது: வாட்ச்டாக்கை நிறுத்தாதீர்கள், ஓடுகிறபடியே இரண்டாவது கெர்னலிடம் ஒப்படையுங்கள். வாட்ச்டாக் டிரைவரைக் கேடம்ப் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (இரண்டாவது கெர்னலோடு ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) சேர்த்து, டிஸ்க் டிரைவருக்கும் முன்னால் ஏற்றுங்கள். சில்லு ஏற்கெனவே ஓடுவதை டிரைவர் கண்டு சொன்னால், வாட்ச்டாக் டிவைஸை யாராவது திறக்கும் வரை கெர்னலின் வாட்ச்டாக் கோர் (வாட்ச்டாக் டிரைவர்களுக்குப் பொதுவான கெர்னல் பகுதி, சிபியு கோர் அல்ல) தானே தட்டிக்கொண்டிருக்கும். எல்லா டிரைவரும் அப்படிச் சொல்வதில்லை, சில டிரைவர்கள் ஏறும்போது சில்லையே நிறுத்திவிடும், உங்கள் டிரைவரின் ப்ரோப் ஃபங்ஷனை (டிரைவர் ஏறும்போது ஓடுவது) படித்துப் பாருங்கள். அப்புறம் முக்கியமானது: இப்படித் தட்டுவதற்கு எல்லையே இல்லாவிட்டால் பழைய கதைதான், தொங்கிப்போன டம்ப்பையும் உயிரோடு வைத்திருக்கும். அதற்கு வாட்ச்டாக் மாட்யூலில் ஓபன் டைம்அவுட் என்று ஒன்று இருக்கிறது. இரண்டாவது கெர்னலின் பூட் வரியில் அதை 600 என்று வையுங்கள். பத்து நிமிடத்துக்குள் டம்ப் முடிந்தால் சரி, இல்லாவிட்டால் கெர்னல் தட்டுவதை விட்டுவிடும், சில்லு ரீசெட் செய்துவிடும். அந்த இனிட்ராம்எஃப்எஸ்ஸில் சிஸ்டம்டி வாட்ச்டாக்கைத் திறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், திறந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

@ஓல்டு_கம்பைலர் 180 என்று வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில்லால் அவ்வளவு நேரம் எண்ண முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். ராஸ்பெரி பையில் இருப்பதற்கு 16 வினாடிதான் உச்சம். நாம் 180 கேட்டால் வாட்ச்டாக் கோர் சரி என்று வாங்கிக்கொண்டு, இடையிடையே தானே சில்லைத் தட்டிச் சமாளிக்கும். பேனிக் ஆனதும் அந்தச் சமாளிப்பும் நின்றுபோகும், மிஞ்சுவது சில்லின் 16தான்.

இப்போது 5ஆம் கோர். நிறுத்தச் சொல்லி ஐபிஐ (ஒரு கோர் இன்னொரு கோருக்கு அனுப்பும் இன்டரப்ட்) போகிறது, அந்தக் கோர் இன்டரப்ட்டை மூடிக்கொண்டு சுற்றினால் அதற்குக் கேட்காது. கெர்னல் ஒரு வினாடி அளவுக்குக் காத்திருந்துவிட்டு, டம்ப்பை முழுதாக நம்ப முடியாது என்று எச்சரித்துவிட்டு மேலே போய்விடும். எக்ஸ்86இல் இதற்கு என்எம்ஐ என்ற இன்டரப்ட்டை அனுப்புகிறார்கள், அதை மூடி வைக்க முடியாது. ஏஆர்எம்64இல் ஜிஐசி வி3 (இன்டரப்ட் கன்ட்ரோலர்) இருந்தால் போலி என்எம்ஐ வசதியைப் பூட் வரியில் இயக்கலாம், புதிய கெர்னல்கள் முதலில் சாதாரண ஐபிஐ அனுப்பிவிட்டு, நிற்காத கோருக்கு அதை அனுப்பும். இரண்டாவது கெர்னல் தனக்கென ஒதுக்கிய மெமரியில் ஓடுவதால் நிற்காத கோர் பெரும்பாலும் அதன் மேல் கை வைக்காது. ஆனால் பழைய மெமரியை மாற்றிக்கொண்டே இருக்கலாம், அதன் ரிஜிஸ்டர்களும் விஎம்கோரில் வராது.

சோதிக்கும்போது சிஸ்ஆர்க்யூ சி (கெர்னலை வேண்டுமென்றே கிராஷ் செய்யும் கட்டளை) மட்டும் போட்டுவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். அப்போது மற்ற கோர்கள் எல்லாம் சொன்னபடி கேட்கும் நிலையில் இருக்கும். எல்கேடிடிஎம்மில் (கெர்னல் கோளாறுகளைச் செயற்கையாக உண்டாக்கும் மாட்யூல்) ஹார்ட்லாக்கப் சோதனையை ஒரு கோரில் கட்டி ஓடவிட்டு, வேறு கோரிலிருந்து கிராஷ் செய்யுங்கள், வயலில் நடப்பது அதுதான்.

அரைகுறை_டம்ப்:
டிரைவரை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் போட்டு, ஓபன் டைம்அவுட் 600 வைத்ததும் டம்ப் முழுதாக வருகிறது. வேண்டுமென்றே டம்ப் ஸ்கிரிப்டைத் தொங்கவிட்டும் பார்த்தேன், பத்து நிமிடம் தாண்டியதும் ரீசெட் ஆகிறது. கண்ணியும் இருந்தது, எங்கள் சில்லின் உச்சம் 32 வினாடிதான். ஆனால் போர்டில் இருப்பது ஜிஐசி வி2, போலி என்எம்ஐக்கு வழியில்லை. 5ஆம் கோர் எங்கே நின்றது என்று தெரிந்துகொள்ள வேறு வழி உண்டா?

ஓல்டு_கம்பைலர்:
சில்லின் உச்சத்தைப் பார்க்கச் சொன்னது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ரிஜிஸ்டர் இல்லாவிட்டாலும் அந்தக் கோரில் ஓடிய டாஸ்க்கின் ஸ்டாக் மெமரியில் அப்படியேதான் கிடக்கும். டம்ப்பை ஆராயும் கிராஷ் கருவியில் பிடி கட்டளையோடு பெரிய டி போட்டால், ஸ்டாக் முழுக்கத் தேடி கண்ணில் படும் ஃபங்ஷன் பெயர்களை எல்லாம் கொட்டும். பழைய அழைப்புகளின் மிச்சமும் கலந்து வரும், ஸ்பின்லாக் (கிடைக்கும் வரை கோர் சுற்றிக் காத்திருக்கும் லாக்) சார்ந்த பெயர் தெரிகிற இடத்திலிருந்து பிடித்துப் போங்கள். கூடவே பட்டி வகை ஹார்ட்லாக்கப் டிடெக்டரையும் இயக்கிவிடுங்கள், ஒவ்வொரு கோரும் பக்கத்துக் கோரைக் கவனிக்கும் வகை அது, என்எம்ஐ தேவையில்லை. லாக்கப் ஆனதும் பேனிக் என்று வைத்துவிட்டால், சிக்கின கொஞ்ச நேரத்திலேயே டம்ப் எடுத்துவிடும், ஸ்டாக்கும் மற்ற டாஸ்க்குகளின் நிலையும் அப்போதைய கதையைச் சொல்லும்.