புதுப்பிப்பு: உகாண்டாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் அம்மாவுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி

உகாண்டாவில் தொண்டுப்பணி செய்யும் மகளைப் பார்க்கப் போகும் தண்டையார்பேட்டை அம்மாவுக்கு, ஊசியைக் கடைசி வாரத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்ளுங்கள். ஊசி போட்டதற்குத் தரும் சான்றிதழ் (மஞ்சள் அட்டை) 10 நாள் கழித்துத்தான் செல்லும்: 1-ஆம் தேதி போட்டால் 11 முதல். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும்.

இந்த ஊசி போட வடசென்னைக்காரர்களுக்குப் பக்கம் ராஜாஜி சாலைத் துறைமுகச் சுகாதார அலுவலகம். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கலாம். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். பல டோஸ் உள்ள குப்பியைத் திறந்தால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்கணும், அதனால் ஆள் சேர்த்துத்தான் போடுவார்கள்.

அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டதா? இது உயிருள்ள தடுப்பூசி, அதாவது வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் கொண்டது. அரிதான கடும் பக்கவிளைவு அந்த வயதில் சற்றுக் கூடுதல். முதலில் குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். முட்டை அலர்ஜி, ஸ்டீராய்டு மாத்திரை இருந்தால் மறைக்கவே வேண்டாம்.

மஞ்சள் அட்டையைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று பாருங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் வம்பு: ஆதாரில் 'எஸ்.', பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் முழுசாக. அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கணும், எண்ணும் சேர்த்து. திரும்பி வரும்போதும் அட்டை கைப்பையில் இருக்கட்டும்; இல்லையென்றால் இங்கே 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

ஊசி தவிர இன்னொன்று: கொப்பரையை விமானத்துக்கான பெட்டியில் வைக்காதீர்கள், எண்ணெய்ப்பசையால் தீப்பிடிக்கும் என்று எடுத்துவிடுவார்கள்.