சாம்பல் கலர் வண்டிய எப்படி முந்துறது மக்களே?

அண்ணமாரே, பழைய கேம் விளையாடுறவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லித் தாருங்க. 1989ல ஆர்கேடுல, அதான் காசு போட்டு விளையாடுற மெஷின்ல, வந்த சூப்பர் ஆஃப் ரோடுங்கிற வண்டி ரேஸ் கேம், அத போன்ல எமுலேட்டர் (பழைய மெஷின் கேம போன்ல ஓட வைக்கிற ஆப்) போட்டு விளையாடுறேன், டிராக் முழுசும் ஒரே ஸ்கிரீன்ல தெரியுது, நம்ம வண்டி எறும்பு சைஸ், மேட்டுல ஏறி குதிச்சா எந்தப் பக்கம் திரும்பி நிக்குன்னே தெரியல, அதுக்குள்ள கம்ப்யூட்டர் ஓட்டுற அந்தச் சாம்பல் வண்டி போயே போச்சு. ஆர்கேடுல ஸ்டியரிங் உண்டு, இங்க டச் பட்டன், தொட்டாலே சுத்துது எளவு.

கேம் சுமார்தான் கேட்டியளா, ஆனா விடவும் மனசில்ல.

ரேஸ் முடிஞ்சு கெடைக்கிற காசுல மொதல்ல டயர் வாங்கணுமா, ஷாக் அப்சார்பரா, ஆக்சிலரேஷனா? கொஞ்ச நேரம் வேகத்தக் கூட்டுற நைட்ரோ வாங்கினா ரெண்டு வளைவுல தீந்துருது. அப்புறம் நாகர்கோவில், தக்கலை பக்கம் செகண்ட் ஹேண்ட் புளூடூத் கன்ட்ரோலர் கெடைக்கிற கடை இருந்தாலும் சொல்லுங்க.