திரித்துவத்தை மறுக்கும் தம்பி, என் மகனுக்கு ஞானத்தகப்பனாக நிற்கலாமா?

கேள்வி: பொறையாறு வாசகர்

நாங்கள் தலைமுறை தலைமுறையாகத் தரங்கம்பாடி வட்டாரத்து லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். கும்பகோணத்தில் வேலை பார்க்கும் என் தம்பி, இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, அங்கே மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டான். என் மகனுக்கு அவனே ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அவனோ, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றும் இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறான்.

அவன் சொல்லும் காரணங்கள் இவை. ஒரே தேவன் இந்த மூன்று ஆட்களாக இருக்கிறார் என்னும் திரித்துவம், 325-இல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கத்தில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் சபையின்மேல் சுமத்திய கோட்பாடு. அப்போஸ்தலர்கள் இயேசுவின் நாமத்தில்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள் என்று 1 யோவான் 5:7-இல் நாம் வாசிப்பது பின்னால் நுழைக்கப்பட்டது. கத்தோலிக்க நண்பர் ஒருவருடைய வேதாகமத்தைத் திறந்து பார்த்தேன். அந்த வரி அதில் உண்மையாகவே இல்லை. அவன் சொல்வதில் எவ்வளவு சரி? விவரம் தெரிந்தவர்கள், ஏச்சுப் பேச்சு இல்லாமல் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: தஞ்சைக் கத்தோலிக்கர்

கடைசிக் காரணத்தில் உங்கள் தம்பி சொல்வது சரி. அந்த வரி பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இல்லை. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு 1522-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். உங்கள் பழைய தமிழ் வேதாகமம் அந்த மரபு வழி வந்தது. 1995-இல் வெளிவந்த எங்கள் திருவிவிலியம் பழைய படிகளைப் பின்பற்றுவதால் அந்த வரியை விட்டுவிட்டது. ஆனால், இறைமகன் படைக்கப்பட்டவரே என்று போதித்த ஆரியஸுக்கு எதிராக நான்காம் நூற்றாண்டில் வாதாடிய ஆயர் அத்தனாசியஸ் இந்த வரியை மேற்கோளாகக் காட்டவே இல்லை. அது இல்லாமலேயே எழுந்த கோட்பாடு, அது நீக்கப்பட்டதால் எப்படி விழும்?

ஞானப்பெற்றோர் குறித்து ஒரு சொல். எங்கள் திருச்சபைச் சட்டப்படி, திருமுழுக்குப் பெற்ற வேற்றுச் சபையினர் பொதுவாக ஞானப்பெற்றோராக நிற்க இயலாது. ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக மட்டும் நிற்கலாம். உங்கள் சபையிலும் இப்படி ஏதேனும் வழி இருக்கிறதா என்று குருவானவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பதில்: தரங்கம்பாடி, ஓய்வுபெற்ற உபதேசியார்

கான்ஸ்டன்டைன் கதையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நிசேயா சங்கத்தைக் கூட்டியவர் அவர்தான். ஆனால் 337-இல் மரணப் படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், ஆரியஸின் பக்கம் சாய்ந்திருந்த நிக்கோமீடியாவின் யூசேபியஸ். அவருக்குப் பின் ஆண்ட மகன் கான்ஸ்டான்டியஸும், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுடையவர் என்ற நிசேயா அறிக்கைக்கு எதிரான தரப்பையே ஆதரித்தார். அந்த அறிக்கைக்காக நின்ற அத்தனாசியஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். பேரரசின் பலத்தால்தான் திரித்துவம் நிலைத்தது என்றால், அந்த அரை நூற்றாண்டில் அது அழிந்திருக்க வேண்டும். பிற்பாடு 381-இல், நிசேயா அறிக்கையை உறுதிப்படுத்திய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் கூடியபோது அரசின் ஆதரவு அதற்கு இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

திரித்துவம் என்ற பெயரும் கருத்தும் நிசேயாவுக்கு மூத்தவை. வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன், ஏறத்தாழ நூறாண்டு முன்பே பிராக்சியாஸ் என்பவருக்கு எதிராக எழுதிய நூலில் இதை விவாதிக்கிறார். அந்தப் பிராக்சியாஸ் சொன்னது என்ன? பிதாவே குமாரனாக வந்தார் என்பது. ஆகவே உங்கள் தம்பியின் நம்பிக்கையும் நேற்று முளைத்தது அல்ல. அதுவும் பழையதுதான், அக்காலத்திலேயே விவாதிக்கப்பட்டு விலக்கப்பட்டதுதான்.

இந்த இடத்தில் நம் சபைகளின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஞாயிறு பள்ளியில் நாம் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? ஒரே தண்ணீர்தான் பனிக்கட்டியாகவும் நீராகவும் ஆவியாகவும் இருக்கிறது என்கிறோம். அது திரித்துவம் அன்று, சபெல்லியஸ் என்ற பழங்காலப் போதகரின் போதனை. ஒருவரே மூன்று வேடங்களில் தோன்றுகிறார் என்பதுதான் அதன் பொருள். லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தில் சிருஷ்டிப்பு, மீட்பு, பரிசுத்தமாக்குதல் என்று மூன்று பிரிவுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளை, விளக்குவார் இல்லாவிட்டால், ஒருவரே செய்யும் மூன்று வேலைகள் என்றுதான் எடுத்துக்கொள்ளும். உங்கள் தம்பி கும்பகோணம் போய்த்தான் வழிமாறினார் என்று எனக்குத் தோன்றவில்லை. இங்கே கற்றதை அங்கே முறையாகப் படித்து முடித்திருக்கிறார்.

பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலே ஞானஸ்நானம் கொடுங்கள் என்னும் மத்தேயு 28:19-உம் நான்காம் நூற்றாண்டில் திருத்தப்பட்டது என்று சிலர் சொல்வார்கள். அந்த வசனத்தைக் கொண்ட கையெழுத்துப் படிகள் அனைத்திலும் மூன்று பெயர்களும் இருக்கின்றன. நிசேயாவுக்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட டிடாக்கே என்னும் சபை ஒழுங்கு நூலும் அப்படியே ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது.

பதில்: குடந்தை விசுவாசி

கர்த்தருக்குள் அன்பான சகோதரருக்கு, நான் உங்கள் தம்பி சார்ந்த நம்பிக்கையை உடையவன். எங்களை வேடக் கொள்கைக்காரர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவது நியாயம் அல்ல. கர்த்தர் ஒருவரே என்ற உபாகமம் 6:4-இல் நாங்கள் தொடங்குகிறோம். தேவத்துவத்தின் பரிபூரணமெல்லாம் கிறிஸ்துவுக்குள் இருக்கிறது என்ற கொலோசெயர் 2:9-க்கு வந்து சேருகிறோம். மத்தேயு 28:19-இல் ‘நாமம்’ ஒருமையில் இருக்கிறது. அந்த நாமம் இயேசு என்று பேதுரு அப்போஸ்தலர் 2:38-இல் வெளிப்படுத்தினார் என்றே வாசிக்கிறோம். அப்போஸ்தலர் நடபடிகளில் ஓரிடத்திலாவது மூன்று பெயர்களைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதியிருக்கிறதா?

அமெரிக்காவில் 1913-க்குப் பிறகு இந்தச் சத்தியம் மீண்டும் பிரசங்கிக்கப்பட்டபோது, 1916-இல் அசெம்ப்ளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை திரித்துவ அறிக்கையை வகுத்தது. ஏற்க முடியாத ஊழியர்கள் பலர் வெளியேறினார்கள். அவர்கள் மனுஷருடைய மரபுக்கு அஞ்சாமல் வசனத்தை நம்பினார்கள் என்பதே எங்கள் சாட்சி. இருவரும் ஒருவரே என்றால் இயேசு பிதாவிடம் ஜெபித்தது எப்படி என்று கேட்பீர்கள்; அது, அவருடைய மனுஷத்தன்மை தேவனிடம் ஜெபித்தது.

பதில்: நாகூர் அன்பர்

வெளியிலிருந்து படிப்பவன் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். "மூன்று என்று கூறாதீர்கள்" என்று குர்ஆன் 4:171 சொல்வதால், திரித்துவத்தை மறுப்பவர்கள் எங்களுக்கு நெருக்கமானவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். குடந்தைச் சகோதரரோ அந்த ஒரே இறைவனே ஈஸா நபி (இயேசு) என்கிறார். நாங்கள் அவரை இறைவனின் அடியார், தூதர் என்கிறோம். எங்கள் பார்வையில் அவருக்கும் எங்களுக்கும் இடையிலான தூரம் உங்களுக்கும் எங்களுக்கும் இடையில் உள்ளதைவிடக் குறைவு அல்ல.

பதில்: தரங்கம்பாடி, ஓய்வுபெற்ற உபதேசியார்

நாகூர் அன்பர் சொன்ன வேறுபாடு முக்கியமானது. 1795-இல் சென்னையில் யூனிட்டேரியன் சபையைத் தொடங்கிய வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழரும் திரித்துவத்தை மறுத்தவர்தான். ஆனால் அந்தச் சபையின் வழி, பிதா ஒருவரே தேவன் என்பது. குடந்தைச் சகோதரரின் வழி அதற்கு நேர் எதிரானது. திரித்துவ மறுப்பு என்று இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டக்கூடாது.

நடபடிகள் பற்றி அவர் கேட்டது நல்ல கேள்வி; மூன்று பெயர்களையும் சொன்னதாக அங்கே எழுதப்படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஞானஸ்நானத்தின்போது உச்சரித்த வாய்பாட்டைப் பதிவு செய்வதா நடபடிகளை எழுதிய லூக்காவின் நோக்கம், அல்லது யாருடைய அதிகாரத்துக்குள் அவர்கள் சேர்க்கப்பட்டார்கள் என்று சொல்வதா? இரண்டாவது என்றே நான் வாசிக்கிறேன்.

மனுஷத்தன்மை ஜெபித்தது என்ற விளக்கத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தன்மைகள் ஜெபிப்பதில்லை, ஆள்தான் ஜெபிக்கிறார். யோவான் 17:5-இல் இயேசு, உலகம் உண்டாவதற்கு முன்னே பிதாவிடத்தில் தமக்கு இருந்த மகிமையைக் கேட்கிறார். அவர் மாம்சம் எடுப்பதற்கு முன்பே, பிதாவிடத்தில் இருந்த ‘நான்’ யார்? உங்கள் தம்பியிடம் நிசேயாவை விட்டுவிட்டு இந்த ஒரு வசனத்தைப் பேசுங்கள்.

ஞானத்தகப்பன் விஷயத்தில், அவரை வற்புறுத்த வேண்டாம். குழந்தையின் சார்பில் அங்கே விசுவாசப்பிரமாணம் சொல்ல வேண்டியவர், தாம் மறுக்கும் ஒன்றை அம்மாவின் ஆசைக்காகச் சொன்னால் அது பொய்ச்சாட்சியாகும். மறுக்கும் அவர் நேர்மையாகத்தான் நடந்துகொள்கிறார். மைத்துனர் யாராவது இருந்தால் அவரைக் கேளுங்கள். சித்தப்பா என்ற உரிமையில் தம்பி கோவிலுக்கு வருவதற்கும் அன்றைய விருந்தில் உட்காருவதற்கும் எந்தக் கோட்பாடும் தடையில்லை என்பதை, அம்மாவை அனுப்பாமல், நீங்களே நேரில் போய்ச் சொல்லி அழைத்து வாருங்கள்.