அம்மோனியம் குளோரைடு + சோடியம் கார்பனேட்: 'வினை இல்லை' என்று எழுதினேன், வாசனை வருகிறதே?

உப்புக்கல்:
அம்மோனியம் குளோரைடுக் கரைசலுடன் ஒவ்வோர் உப்புக் கரைசலையும் கலந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டு, பிறகு செய்து பார்க்கும் பயிற்சி. என் வழி இதுதான்: அயனிகளை ஜோடி மாற்றிப் போடுவேன், கரைதிறன் அட்டவணையைப் பார்ப்பேன். கரையாதது ஏதாவது இருந்தால் வீழ்படிவு, இல்லாவிட்டால் வினை இல்லை.

சில்வர் நைட்ரேட்டுக்கு வெள்ளை வீழ்படிவு என்று எழுதினேன், அப்படியே வந்தது. சோடியம் நைட்ரேட்டுக்கு ஒன்றுமில்லை என்றேன், அதுவும் சரி. சோடியம் கார்பனேட்டில்தான் மாட்டிக்கொண்டேன். அம்மோனியம் கார்பனேட், சோடியம் குளோரைடு இரண்டுமே கரையும் என்பதால் 'வினை இல்லை' என்று எழுதினேன். லேசாகச் சூடாக்கியதும் மூக்கைத் துளைக்கும் நெடி. ஈரமான சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயின் வாய்க்கு நேரே பிடித்தேன், நீலமாகிவிட்டது. எங்கே தவறினேன்?

சோதனைக்குழாய்:
அட்டவணையில் பிழை இல்லை, ஆனால் நீங்கள் அதனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். கரைசலில் சுற்றும் அயனிகளில் சில அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேறினால்தான் வினை. வீழ்படிவு அதற்கு ஒரு வழி. வாயு இன்னொரு வழி. நீர் போல அதிகம் அயனியாகாத பொருள் உருவாவது மூன்றாவது.

அம்மோனியத்தைச் சோடியம், பொட்டாசியத்தோடு ஒரே வரிசையில் வைத்துப் படிப்பதால்தான் எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. சோடியம் அயனி பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும். அம்மோனியம் அயனி ஒரு அமிலம், கையில் ஒரு புரோட்டான் வைத்திருக்கிறது. எதிரில் வாங்கிக்கொள்ள வலுவான காரம் இருந்தால் கொடுத்துவிட்டு அம்மோனியாவாகிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் அம்மோனியா வரும் என்று மனப்பாடமாகச் சொல்வோமே, அதேதான். கார்பனேட்டும் ஒரு காரம் என்பது நினைவுக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

உப்புக்கல்:
சரி. ஆனால் 'வலுவான காரம்' என்பதற்கு எல்லைக்கோடு எங்கே? அசிட்டேட்டும் காரம்தானே? சோடியம் அசிட்டேட்டைக் கலந்தபோது எந்த நெடியும் இல்லை.

மடக்கை:
எல்லைக்கோடு 9.25. அம்மோனியம் அயனியின் பிகேஏ மதிப்பு அது (25 டிகிரி செல்சியஸில்). பிகேஏ என்பது அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், அது பெரிதானால் அமிலம் புரோட்டானை இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். எதிரயனி புரோட்டானைப் பிடித்துக்கொண்டால் என்ன அமிலமாகும் என்று பாருங்கள். அதன் பிகேஏ 9.25-ஐ விடப் பெரிது என்றால் புரோட்டான் அந்தப் பக்கம் போகும்.

கார்பனேட் பைகார்பனேட்டாகிறது, அதன் மதிப்பு 10.33. வித்தியாசம் 1.08, ஆகவே வினை எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்று காட்டும் சமநிலை மாறிலி 10-இன் 1.08 அடுக்கு, அதாவது சுமார் 12. சம செறிவில் கலந்தால் அம்மோனியத்தில் முக்கால் பங்குக்கும் மேல் அம்மோனியாவாகிவிடும். சூடாக்கினால் அந்த வாயு வெளியேறி, சமநிலை இன்னும் வலப்புறம் நகரும். அசிட்டிக் அமிலத்துக்கு 4.76 மட்டுமே. அங்கே மாறிலி லட்சத்தில் சில பங்கு, மூக்குக்கு எட்டாது.

உப்புக்கல்:
அருமை! அப்படியானால் முதலில் வீழ்படிவு, அடுத்து புரோட்டான், இரண்டும் இல்லையென்றால் வினை இல்லை. இந்த முறையில் மீதியை நிரப்பினேன். பேரியம் குளோரைடு: இல்லை. சோடியம் நைட்ரைட்: இல்லை. மெக்னீசியம் சல்பேட்டுடன் அம்மோனியாக் கரைசலும் சேர்த்தது: மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெள்ளையாகப் படியும். சரியா?

சோதனைக்குழாய்:
பேரியம் சரி. மெக்னீசியம் தவறு. அம்மோனியம் குளோரைடு ஏற்கெனவே குழாயில் இருக்கிறதே, அதன் அம்மோனியம் அயனி, அம்மோனியா நீரில் அயனியாவதைத் தடுக்கும், இந்தப் பொது அயனி விளைவால் ஹைட்ராக்சைடு அயனியின் செறிவு அமுங்கிவிடும், போதுமான அளவு அம்மோனியம் உப்பு இருந்தால் படியாது. அதே குழாயில் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டை விட்டுக் கண்ணாடிக் கோலால் உள்சுவரைத் தேயுங்கள். வெள்ளைப் படிகமாக மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட் வரும். 'அம்மோனியம் உப்புகள் எல்லாம் கரையும்' என்ற விதிக்கு அங்கேயே ஓர் ஓட்டை.

மடக்கை:
நைட்ரைட் வரியை உடனே திருத்துங்கள். அதில் வீழ்படிவும் இல்லை, புரோட்டான் கைமாறுவதும் இல்லை, ஆனால் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை உண்டு. அம்மோனியத்தில் நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் கழித்தல் 3, நைட்ரைட்டில் கூட்டல் 3. இரண்டும் நடுவில் பூச்சியத்தில் சந்தித்து, கரைசலைச் சூடாக்கும்போது நைட்ரஜன் வாயுவாக வெளியேறும், கூடவே நீர். ஆய்வகத்தில் நைட்ரஜன் தயாரிப்பதே இப்படித்தான். குளிர்ந்த, நீர்த்த கரைசலில் ஒன்றும் தெரியாது என்பதால் ஏமாந்துவிடுவோம். எச்சரிக்கை: திட உப்புகளைக் கலந்து சூடாக்க வேண்டாம், அம்மோனியம் நைட்ரைட் வெடிக்கக்கூடியது. கரைசலிலும் மேற்பார்வையோடு மட்டும்.

உப்புக்கல்:
திருத்திவிட்டேன். கண்ணாடிக் கோலால் தேய்த்ததும் தேய்த்த கோட்டிலேயே வெள்ளையாகப் படிந்தது! நைட்ரைட்டைக் காகிதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.