சாயக்கழிவைச் சுத்தம் செய்வது சமூகப் பொறுப்பில் சேராதா?

கணக்குப்பிள்ளை:
மார்ச் பிறந்தால் போதும், எங்கள் அலுவலகத்தில் சமூகப் பொறுப்பு பொங்கி வழியும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ 1,000 கோடி விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கணக்கு முடிய இரண்டு வாரம் இருக்கும்போதுதான் "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று மேலிடம் கேட்கும். அவசர அவசரமாக ஒரு பள்ளிக்கூடத்தைத் தேடிப் பிடிப்போம். போன தடவை கழிப்பறை. கிரானைட்டில் பெயர்ப்பலகை, மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. தண்ணீர் இணைப்பு மட்டும் மதிப்பீட்டில் இல்லை. ஜூனில் அந்தப் பக்கம் போனேன், பூட்டுத் தொங்கியது. இந்தப் பணத்தை வரியாகவே வாங்கிக்கொள்ளலாமே, பொறுப்பு என்ற பெயர் எதற்கு?

நொய்யல்கரை:
அந்தப் பூட்டைத் தொங்கவிட்டது உங்கள் மேலிடம். சட்டத்தின் மீது பழி போடாதீர்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு, பல ஆண்டுகள் நடக்கும் தொடர் திட்டம் என்றால் மீதித் தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி அடுத்த 3 ஆண்டுகளில் செலவிட வழி இருக்கிறது. மார்ச் 31க்குள் காசைத் தள்ளிவிட வேண்டும் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

பொறுப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆற்றோரத்துக்காரர்களைக் கேளுங்கள். ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்காகக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயத்தண்ணீர்தான் அதில் வந்து நின்றது. தண்ணீரைத் தேக்கவே தேக்காதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடிய அணை இது. கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பனியன் தொழிலே தடுமாறியது. லாபம் ஒன்றே குறி என்று இருந்தவர்களுக்கு அந்த வருடம் லாபமும் இல்லை.

சாயப்பட்டறைக்காரன்:
மூடியதில் என் பட்டறையும் ஒன்று. எங்கள் தவறு இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்றைய நிலவரத்தையும் கொஞ்சம் கேளுங்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சாயத்தை நீக்கி, ஆர்.ஓ.வில் வடித்து, மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கியில் காய்ச்சி, உப்பைத் திரும்ப எடுத்துச் சாயத்தொட்டிக்கே அனுப்புகிறோம். எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் கிடக்கிறது. ஆவியாக்கிக்கு விறகும் மின்சாரமும் தின்கிற காசு எங்களுக்குத்தான் தெரியும்.

இதில் ஒரு ரூபாய்கூட அந்த 2 சதவீதக் கணக்கில் சேராது. வேறு சட்டப்படி செய்தே தீரவேண்டியது சமூகப் பொறுப்புச் செலவு ஆகாது என்பது விதி. ஆனால் பெரிய கம்பெனி ஒன்று நொய்யல் கரையில் நூறு மரக்கன்று நட்டால் அது சேரும்! ஆற்றைக் காப்பாற்றுவது யார், ஐயா?

நொய்யல்கரை:
விதி சரிதான். ஆற்றில் நஞ்சு கலக்காமல் இருப்பதற்குப் பொன்னாடை போர்த்த முடியுமா? மரக்கன்றைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை, அதில் பாதி ஆடு மேயும். ஆனால் பெரிய நிறுவனங்களும் 2 சதவீதத்தைக் காட்டித் தப்பிக்கிற காலம் போய்விட்டது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் தண்ணீர், கழிவு, தொழிலாளர் நலன் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று 2022-23 முதல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டாயமாக்கியிருக்கிறது. வங்காளதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் இறந்த பிறகு, ஐரோப்பிய ஆடை நிறுவனங்கள் பலவும் சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. தைப்பவர் உயிரோடு விளையாடினால் விற்பவர் பெயரும் கெடும் என்று அப்போதுதான் உறைத்தது.

சாயப்பட்டறைக்காரன்:
அந்த உறைப்பு விலையில் தெரியவில்லையே. காலையில் அவர்களுடைய தணிக்கையாளர் வந்து சுத்திகரிப்புப் பதிவேட்டைப் புரட்டி, தீயணைப்புக் கருவியின் தேதி வரை பார்த்துவிட்டுப் போவார். மாலையில் அதே நிறுவனத்தின் கொள்முதல் ஆள், அடுத்த ஆர்டருக்கு விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குவார். ஒரே நாளில் இரண்டையும் பார்த்திருக்கிறேன். பொறுப்புக்கு ஒரு டி-ஷர்ட்டுக்கு இவ்வளவு என்று கூட்டிக் கொடுக்கட்டும், அப்புறம் நம்புகிறேன்.

நொய்யல்கரை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

கணக்குப்பிள்ளை:
நான் கேட்டது எங்கேயோ போய்விட்டது, பரவாயில்லை. அந்தத் தொடர் திட்டத்தைப் பற்றி ஒரு சந்தேகம். கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பும், கழுவுகிறவருக்கு மூன்று வருடச் சம்பளமும் அதிலேயே சேர்க்கலாமா?

நொய்யல்கரை:
தாராளமாக. திட்டத்தைத் தொடங்கும்போதே காலவரையோடு எழுதி இயக்குநர் குழுவின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். மார்ச்சில் அல்ல, இப்போதே.

கணக்குப்பிள்ளை:
சம்பளத்தை எப்படிப் போட்டோ எடுப்பது என்று மேலிடம் கேட்கும். பார்க்கிறேன்.