விமான விபத்துக்குப் பின் குற்ற வழக்கு: பணியாளரைச் சிறைக்கு அனுப்புவது முறையா?

கேள்வி (பாளையங்கோட்டை):
வணக்கம். என் மகள் விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்கிறாள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்களைப் பறித்த விபத்துக்குப் பிறகு, வீட்டுக்கு வரும் உறவினர்கள் எல்லாரும், ஏதாவது ஆகிவிட்டால் கம்பி எண்ண வேண்டிய வேலை எதற்கு என்கிறார்கள். அறியாமல் நேர்ந்த பிழைக்கும் குற்ற வழக்கு வருமா?

வழக்கறிஞர், வண்ணார்பேட்டை:
வரக்கூடும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு, இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவில் அது இரண்டாண்டு. சிகிச்சையின்போது தவறும் பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் அந்த இரண்டாண்டு வரம்பு தொடர்கிறது; விமானிக்கோ பொறியாளருக்கோ அந்தச் சலுகை இல்லை. ஆயினும், மரணத்துக்கு அச்செயலே நேரடிக் காரணம் என்று அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற வான்வழிக் கட்டுப்பாட்டாளர், கே.டி.சி. நகர்:
அந்த நேரடிக் காரணத்தைப் பிரித்தெடுப்பதுதான் கடினம். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் உபர்லிங்கன் வானில் இரு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். அந்த வான்பகுதியைக் கவனித்த சுவிட்சர்லாந்தின் சூரிச் மையத்தில் ஒரே கட்டுப்பாட்டாளர் இரண்டு திரைகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். உடனிருந்தவர் ஓய்வெடுக்கப் போவது நிர்வாகம் கண்டுகொள்ளாமல் விட்ட வழக்கம். பராமரிப்புக்காக முதன்மைத் தொலைபேசி இணைப்பைத் துண்டித்திருந்தார்கள். மோதல் எச்சரிக்கை அமைப்பும் முழுமையாக இயங்கவில்லை. குடும்பத்தை இழந்த ஒருவர் 2004இல் அந்தக் கட்டுப்பாட்டாளரைக் கொன்றார். சுவிட்சர்லாந்து நீதிமன்றம் 2007இல் நால்வரைக் குற்றவாளிகள் என்றது; அவர்களுள் மூவர் மேலாளர்கள். வழக்கு மேலாளர்கள் வரை ஏறியதால் அதை நான் குறை சொல்லமாட்டேன். பெரும்பாலும் அது கடைசியாகக் கைவைத்தவரோடு நின்றுவிடுகிறது.

வாசகர், தென்காசி:
பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் விபத்து விசாரணை அறிக்கையை நீட்டி, யாரையும் கேட்கக் கூடாது என்று சொல்ல முடியுமா, அண்ணாச்சி? பேருந்து ஓட்டுநருக்கு ஒரு நீதி, விமானிக்கு ஒரு நீதியா?

ஓய்வுபெற்ற வான்வழிக் கட்டுப்பாட்டாளர்:
கேட்கலாம், தம்பி. குடித்துவிட்டு வந்தவரையும், தெரிந்தே விதியை மீறியவரையும், பார்க்காத வேலையைப் பார்த்ததாக எழுதியவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். ஓட்டுநருக்கும் அதே அளவுகோல் போதும் என்பேன். ஆனால் விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே, பழி சுமத்துவதன்று என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு கூறுகிறது. அந்த விசாரணையில் மனம்திறந்து சொன்னதைக் காவல்துறை எடுத்து வழக்குக்குப் பயன்படுத்தினால், அடுத்த முறை எவரும் வாய் திறக்கமாட்டார்கள். உயிர்ச்சேதமின்றித் தப்பிய சம்பவங்களும் பதிவேட்டுக்கு வராமல் போகும். காவல்துறை தன் சாட்சியங்களைத் தனியே திரட்டிக்கொள்ளட்டும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள், அம்மா: தன் கண்ணால் சோதிக்காத பணிக்கு, விமானம் புறப்பட எவ்வளவு தாமதமானாலும், யார் நெருக்கினாலும் கையெழுத்துப் போட வேண்டாம்; நெருக்கியவர் யார் என்பதையும் எழுத்தில் வைத்துக்கொள்ளட்டும்.